நிலவறையும் கீழிருந்து வரலாறும்

'கீழிருந்து வரலாறு' என்று நாம் நிறையவே எழுதிவிட்டோம். சிங்கப்பூரில் கேன்னிங் கோட்டைக் குன்றுக்கு அடியில், தரையிலிருந்து ஒன்பது மீட்டர் ஆழத்தில் இருக்கிற போர்க்கால நிலவறைக்குள் இறங்கியபோது, கீழே போனால் மட்டும் அது கிடைத்துவிடாது என்று புரிந்தது.

1930களில் கட்டிய கான்கிரீட் அறைகள். சிங்கப்பூர்ப் போரின் கடைசி நாட்களில் பிரிட்டிஷ் தலைமை இங்கிருந்துதான் இயங்கியது. 1942 பிப்ரவரி 15 காலையில் பெர்சிவலும் மற்றத் தளபதிகளும் இங்கே கூடினார்கள். எதிர்த்துத் தாக்கி நீர்த்தேக்கங்களையும் உணவுக் கிடங்குகளையும் மீட்பதா, சரணடைவதா? சரணடைவது என்று முடிவாயிற்று. அன்று மாலையே புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலையில் யமஷிதாவிடம் பெர்சிவல் கையெழுத்துப் போட்டார். நான் போனபோது அந்தக் காலைக் கூட்டத்தை மெழுகு உருவங்களாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மேஜையைச் சுற்றி நாலு பேர் எடுக்கிற முடிவுதான் வரலாறு என்பதே அந்த அறையின் கதையாடல்.

கூட வந்த சிங்கப்பூர் நண்பர் மெதுவாகக் கேட்டார்: "இதுல நம்மாளு எங்க இருக்கான்?"

நம்மையும் சேர்க்கவில்லை என்கிற புகார் மட்டுமல்ல இது. நிலவறை என்பதே ஒரு தேர்வு: யார் உள்ளே, யார் வெளியே. 1941 டிசம்பர் 8 அதிகாலையில் முதல் குண்டு விழுந்தபோது நகரத்தில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் செத்தார்கள். சனங்களுக்கு நிலத்தடிப் புகலிடம் கட்டாததற்கு, தோண்டினால் தண்ணீர் ஊறும் என்று காரணம் சொன்னது காலனி அரசு. தளபதிகளுக்குக் குன்று கிடைத்தது.

சரணடைவோடு கதையை முடித்துக்கொள்கிறது அந்த அறை. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களுக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். 1942-43இல் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் அவர்களை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்களில் போர்க்கைதிகளைவிட ஆசியக் கூலிகளே அதிகம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. கூலிகளுக்கு அப்படித் தனித்தனிப் பெயர்க்கல் இல்லை.

வெளியே படியேறி வந்ததும் நண்பர் சொன்னார்: "எங்க தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு. திரும்பல. அவ்வளவுதான் தெரியும்."

மெழுகில் செய்ய முகம் தெரிய வேண்டும். முகம் தெரியாதவர்களைப் பற்றி மிஞ்சியிருப்பது இந்த மாதிரி மூன்று வாக்கியங்கள்தான். அவை எந்த நிலவறையிலும் இல்லை, வீடுகளில் இருக்கின்றன. சொல்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கீழிருந்து வரலாறு எழுதுகிற நாம், முதலில் போய் அதைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.