வெண்கலத்தின் குரல்: பாடும் கிண்ணமும் சிங்கப்பூர்த் தமிழர் இல்லமும்

முன்னுரை

நல்ல குரல்வளம் உடையவரை 'வெண்கலக் குரல்' உடையவர் எனப் பாராட்டுவது தமிழர் வழக்கு. 'வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல' என்பது பழமொழி. இவ்விரண்டும் வெண்கலத்தை அதன் நிறத்தாலோ வலிமையாலோ அன்றி, ஒலியாலேயே நினைவிற் கொண்டுள்ளன. இன்று சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்கள் பலவற்றில் வெண்கலப் பாத்திரத்தின் இடத்தை எவர்சில்வர் பிடித்துக்கொண்டது. ஆயினும், 'திபெத்தியப் பாடும் கிண்ணம்' என்னும் பெயரில் அதே உலோகம் அடுக்குமாடி வீடுகளுக்குள் மீண்டும் நுழைந்துள்ளது. தியானத்திற்காகவும், நாள் முழுதும் உழைத்த மனம் உறங்குமுன் சற்று அடங்குவதற்காகவும், ஒலியின் இனிமைக்காகவும் பலர் அதனை இசைத்து மகிழ்கின்றனர். இக்கிண்ணத்தின் வரலாறு யாது? தமிழர்க்கும் அதற்கும் உள்ள உறவு எத்தகையது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிண்ணம் பாடும் முறை

கிண்ணத்தை விரித்த உள்ளங்கையிலோ சிறு மெத்தையிலோ வைத்து, மரக்கோலால் மெல்லத் தட்டினால் மணியோசை எழும். அக்கோலையே விளிம்பின் வெளிப்புறத்தில் அழுத்தம் மாறாமல் மெதுவாகச் சுற்றிவந்தால் ஓசை அறாது வளரும். கோல் விளிம்பைப் பற்றுவதும் நழுவுவதுமாகிய இடையறாச் செயலே அவ்வதிர்வை ஊட்டுகின்றது. ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசையும் இவ்வகையினதே. கையால் அடித்து உருவாக்கிய கிண்ணம் முழு வட்டமாக அமைவதில்லை. அதனால் மிக நெருங்கிய இரு சுருதிகள் ஒருங்கே எழுந்து, ஒலி அலைபோல் ஏறி இறங்குகின்றது. நீர் ஊற்றி இசைத்தால் நீர்த்துளிகள் மேற்பரப்பில் துள்ளுவதைக் காணலாம். இந்நிகழ்வைத் தெர்வாக்னே, புஷ் என்னும் இயற்பியலார் இருவர் 2011இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

'தொன்மைத் திபெத்து' என்னும் கூற்று

இக்கிண்ணங்கள் திபெத்திய மடங்களில் பன்னூறாண்டுகளாக வழிபாட்டுக் கருவிகளாக விளங்கின என்றும், ஏழு உலோகங்களால் ஆனவை என்றும் விற்போர் கூறுவர். இக்கூற்றுகளுக்குத் தக்க வரலாற்றுச் சான்று இல்லை. திபெத்திய வழிபாட்டில் கைமணியும் கைத்தாளமும் நன்கு அறியப்பட்டவை. விளிம்பைத் தேய்த்து இசைக்கும் கிண்ணமோ அவ்வாறன்று. பழைய கிண்ணங்களைப் பகுத்தாய்ந்தபோது அவை பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் கலந்தவையே எனத் தெரியவந்தது. மேலைநாட்டாரிடையே இக்கிண்ண இசை பரவுவதற்கு, ஹென்றி வுல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் ஆகிய இருவரும் 1972இல் வெளியிட்ட 'திபெத்திய மணிகள்' என்னும் இசைத்தட்டு பெரிதும் துணைபுரிந்தது. எனவே, கிண்ணம் பழையதாயினும் அதனைப் பற்றிய கதை புதியது எனலாம்.

சிங்கப்பூரின் சீனப் பௌத்தக் கோயில்களில், மெத்தைமீது வைத்துத் தட்டப்படும் கிண்ண வடிவ மணியைக் காணலாம். அது தனக்கென நெடிய வரலாறு உடையது. தமிழிசைக்கும் கிண்ணக் கருவி ஒன்று உண்டு. அதுவே பீங்கான் கிண்ணங்களில் நீரளவைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்க்கும் ஜலதரங்கம். இவை மூன்றும் வெவ்வேறு மரபுகள். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது பிழை.

தமிழ் நிலத்து வெண்கலக் கிண்ணங்கள்

உலோகத்தைக் கருதுமிடத்து நிலை வேறாகின்றது. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரேயும் அகழ்ந்தெடுத்த ஈமப் பொருள்களுள் மெல்லிய வெண்கலக் கலங்கள் பல உள்ளன. நீலகிரிக் கற்குவைகளிலிருந்தும் அத்தகைய கிண்ணங்கள் 19ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டன. உலோகத் தொல்லியல் அறிஞர் சாரதா ஸ்ரீநிவாசன் இவ்விரு இடத்துக் கலங்களுள் சிலவற்றை ஆராய்ந்து, அவற்றில் வெள்ளீயம் ஏறத்தாழ 22 முதல் 24 விழுக்காடு வரை கலந்திருப்பதை நிறுவினார்.

இவ்வளவு ஈயம் கலந்த வெண்கலம் மெல்ல ஆறினால் எளிதில் நொறுங்கும் தன்மையதாகும். செஞ்சூட்டில் வைத்து அடித்து, அச்சூடு தணியுமுன் நீரில் தோய்த்தால்தான் அது உறுதியும் நாதமும் பெறும். சூட்டின் அளவைக் கண்ணால் கண்டே அறியும் கைத்திறன் இதற்கு இன்றியமையாதது. இதே முறையில் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதிக் கம்மாளர் கிண்ணங்கள் செய்துவந்ததை ஸ்ரீநிவாசனும் இயன் குளோவரும் 1995இல் பதிவு செய்தனர். தாய்லாந்தின் பான் டொன் தா பெட்டில் குளோவர் அகழ்ந்த ஈமத்தலத்திலும் ஈயம் மிகுந்த வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்தன. இமயமலைப் பகுதியின் பழைய பாடும் கிண்ணங்களும் இத்தொழில்நுட்பக் குடும்பத்தைச் சார்ந்தவையே.

இதனைக் கொண்டு 'பாடும் கிண்ணம் தமிழர் கண்டது' என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆதிச்சநல்லூர்க் கலங்கள் இறந்தோர்க்குப் படைக்கப்பட்டவை. அவை இசைக்கப்பட்டன என்பதற்குச் சான்றில்லை. உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றே: நாதம் மிகுந்த இவ்வுலோகத்தைத் தென்னாட்டுக் கொல்லர் இரும்புக் காலத்திலேயே கையாண்டனர்.

ஈயத்தின் வழி

தமிழகத்தில் வெள்ளீயத் தாது குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. எனவே, நாதத்திற்குக் காரணமான ஈயம் வணிகத்தின் வழியே வரவேண்டியிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் முசிறியில் இறங்கிய மேலைநாட்டுச் சரக்குகளுள் வெள்ளீயமும் ஒன்று என எரித்திரியக் கடற்பயண நூல் குறிக்கின்றது. இடைக்காலத்தில் மலாயாத் தீபகற்பம் ஈயத்துக்குப் பேர்பெற்றது. 9ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியலார் இப்னு குர்தாத்பிஹ், கலா என்னும் இடத்து ஈயச் சுரங்கத்தைக் குறிப்பிடுகிறார். அந்நூற்றாண்டைச் சேர்ந்த தக்குவா பா தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமத்து வணிகர் அக்கரையில் நிலைகொண்டிருந்ததைக் காட்டுகின்றது. பித்தளைப் பாத்திரத்துக்குக் 'கலாய் பூசுதல்' என நாம் வழங்கும் சொல், ஈயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழியது. அவ்வரபுச் சொல்லையும் கலா என்னும் இடப்பெயரோடு அறிஞர் பலர் இணைத்துக் காண்பர்.

இவ்வீய வரலாற்றில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. 1887இல் தோன்றிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1890இல் பிராணித் தீவில் ஈய உருக்காலையை நிறுவியது. மலாய் மாநிலங்களின் தாது அங்கு உருக்கப்பட்டு உலகெங்கும் சென்றது. பின்னாளில் அத்தீவு கொள்கலத் துறைமுகமாயிற்று. ஒரு காலத்தில் ஈயத்தால் பெயர்பெற்ற இந்நகரில் வெண்கலத்தின் ஒலி அரிதாகிப்போனது எண்ணத்தக்கதாகும்.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால், பாடும் கிண்ணத்தைத் திபெத்தின் மறைபொருளாகப் போற்றுவதும், தமிழரின் தனிச்சொத்தாக உரிமை கொண்டாடுவதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கவை என்பது தெளிவாகும். அதில் உண்மையிலேயே தொன்மையானவை உலோகக் கலவையும் அதனை வனைந்த கைத்திறனும் ஆகும். பலர் கவனிக்காமல் விடுவதும் அவற்றையே. பாட்டி வைத்திருந்த வெண்கல உருளியைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டு, அவ்வுலோகத்தாலான கிண்ணத்தையே அயல்நாட்டுத் தொல்பொருள் என மிகுவிலை கொடுத்து வாங்குவது நம்மிடையே நிகழக்கூடியதே. உருளி போனால் அதனோடு குடும்ப நினைவும் கொல்லனின் கைத்தடமும் போய்விடுகின்றன.

லிட்டில் இந்தியாவின் பாத்திரக் கடைகளில் பொருள் வாங்குவோர், வெண்கலத்தையும் பித்தளையையும் விரலால் சுண்டிக் கேட்டு வேறுபாடு அறியலாம். பித்தளையின் ஓசை விரைந்து அடங்கும். நல்ல வெண்கலத்தின் ஓசை நெடுநேரம் நிற்கும். இல்லத்தில் பழைய கிண்ணமோ உருளியோ இருப்பின், விற்கும் முன் ஒருமுறை தட்டிப் பார்த்தல் நன்று. கேட்கும் செவியைப் பிள்ளைகளுக்கும் பழக்கினால், 'வெண்கலக் குரல்' என்னும் தொடர் அவர்களுக்கு வெறும் சொல்லாக நின்றுவிடாது.