வட்டிலப்பத்துக்குச் சொந்தக்காரர் யார்?

வட்டிலப்பம் யாருடைய சாப்பாடு என்று எங்கள் வகுப்புகளில் கேட்டால் பிள்ளைகள் யோசிக்கவே மாட்டார்கள். "எங்கட சாப்பாடு" என்பார்கள். அதில் பிழையில்லை. நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிக்காத வீட்டை மடவளையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெருநாள் நெருங்கினால் சிங்கள நண்பர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். ஆனால் அந்தக் கிண்ணத்துக்குள் எத்தனை பேருடைய சரித்திரம் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் "எங்கட" என்ற சொல் கொஞ்சம் அகலமாகிவிடும்.

பிரித்துப் பார்ப்போம். முட்டை, தேங்காய்ப் பால், கருப்பட்டி மூன்றையும் அடித்து ஆவியில் அவிக்கும் முறை மலாயர் சமையலிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே மூன்றையும் வைத்துச் செய்யும் 'ஸ்ரீகாயா'வை இன்றும் காணலாம். பெயரோ, வட்டில், அப்பம் என்று இரண்டும் தமிழ்ச் சொற்கள். இனிப்புக்குப் போடும் கித்துள் கருப்பட்டி, மரம் ஏறி மலர் சீவிப் பாணி காய்ச்சும் சிங்களக் கிராமத்தவரின் உழைப்பு. மேலே தூவும் கஜு, போர்த்துக்கேயர் காலத்தில் பிரேசில் பக்கமிருந்து இந்த நாடுகளுக்கு வந்தது. இவ்வளவும் சேர்ந்துதான் எங்கள் பெருநாள் சாப்பாடு.

அந்த மலாயர் யார்?

தென்கிழக்காசியாவிலிருந்து ஆட்கள் இலங்கைக்கு வந்தது புதிய கதையல்ல. 1247இல் தாம்பிரலிங்கத்து அரசன் சந்திரபானு படையோடு வந்திறங்கினான். சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயரே அந்தப் பழைய சாவகரை நினைவூட்டுகிறது என்பார்கள். ஆனால் இன்றைய மலாய்ச் சமூகத்தின் வேர் ஒல்லாந்தர் காலத்தில் இருக்கிறது. பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, அவர்கள் இங்கே கொண்டுவந்தது இரண்டு வகையானவர்களை: சம்பளத்துக்குப் போரிட்ட சிப்பாய்கள், எதிர்த்து நின்றதால் நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தவரும் உலமாக்களும். மக்காஸாரைச் சேர்ந்த ஷெய்க் யூஸுப் 1684இல் இங்கே அனுப்பப்பட்டார். இங்கிருந்தும் அவருடைய செல்வாக்கு குறையவில்லை என்று கண்டு 1694இல் தென்னாபிரிக்காவின் கேப் பகுதிக்கு மாற்றினார்கள். இன்று கேப் டவுன் முஸ்லிம்கள் தங்கள் சமூகத்தின் ஆரம்பத்தை அவரிலிருந்து எண்ணுகிறார்கள். ஜாவாவின் அரசன் மூன்றாம் அமங்குராட் 1708இல் பிடிபட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டான். அவர்கள் யாரும் விரும்பி வந்தவர்களல்லர். ஜாவா, மதுரா, அம்போன் என்று பல தீவுகளைச் சேர்ந்தவர்களை ஒரே பெயரில் அடக்கி, தமிழில் 'ஜாவா மனுசர்' என்றும் சிங்களத்தில் 'ஜா மினிஸ்ஸு' என்றும் அழைத்தது இந்த நாடு.

பிரித்தானியர் வந்ததும் மலாய்ப் படைப்பிரிவைத் தம் கையில் எடுத்தார்கள். 1803இல் கண்டியைப் பிடிக்க வந்த படையில் மலாய்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். கண்டி அரசனின் சேவையிலும் மலாயர் இருந்தார்கள். ஜூன் மாதம் மேஜர் டேவியின் படை சரணடைந்தபோது, மலாய்க் கெப்டன் நூருத்தீனைத் தன் சேவையில் சேரும்படி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கேட்டான். அவர் மறுத்தார். உயிரை இழந்தார். எங்கள் ஊரிலிருந்து சில மைல் தூரத்தில் நடந்த விஷயம் இது. கண்டி சரித்திரம் என்றால் சிங்களவரும் வெள்ளைக்காரரும் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

1873இல் 'சிலோன் ரைபிள்ஸ்' படைப்பிரிவு கலைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய்த் தொழில் செய்த குடும்பங்கள் பொலிஸிலும் சிறைச்சாலையிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தன. பலர் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தார்கள். கண்டியைச் சுற்றி மலாய்க் குடும்பங்கள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்திலும் அவர்கள் பின்தங்கியிருக்கவில்லை. 1869இல் பாபா யூனுஸ் ஸல்தீன் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கினார். அரபு எழுத்தில் மலாயை எழுதும் 'ஜாவி' முறையில் அது வந்தது. எங்கள் கண்டியின் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தது 1882இல். அதாவது, மலாய்ப் பத்திரிகை 13 வருடம் மூத்தது. நாம் அரபுத் தமிழில் எழுதினோம். அவர்கள் ஜாவியில் எழுதினார்கள். ஒரே எழுத்தைச் சீர்செய்து இரண்டு சமூகங்கள் தம் மொழியைக் காத்துக்கொண்டன.

மொழியைப் பற்றிய விஷயம்தான் எங்களை அதிகம் வியக்க வைத்தது. மலேசியாவிலிருந்து வரும் ஒருவருக்கு இலங்கை மலாய் எளிதில் விளங்காது. சொற்கள் பெரும்பாலும் மலாய், ஆனால் வசனம் கட்டும் விதம் நம்முடையதைப் போன்றது. வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். "எனக்குத் தெரியாது" என்று நாம் 'கு' போடுவது போல அவர்களும் 'நான்' என்ற சொல்லோடு ஓர் உருபைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். மலேசிய மலாயில் அப்படி இல்லை. எப்படி இப்படி மாறியது என்று மொழியியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஒரே பள்ளிவாசலில் தொழுததும், சோனகக் குடும்பங்களோடு கலியாணம் கலந்ததும் ஒரு காரணம் என்பது பலருடைய கருத்து; சிங்களத்தின் பங்கையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. வட்டிலப்பம் நம் சமையலறைக்கு வந்தது போல, நம் இலக்கணம் அவர்கள் வாய்க்குள் போயிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு வந்தது சமையல் மட்டுமல்ல. உடுத்தும் சாரம் மலாய்ச் சொல். ரம்புட்டான் மலாய்ச் சொல். 'ரம்புத்' என்றால் அவர்கள் மொழியில் முடி. தொதல் அங்கிருந்து வந்தது. இதைவிடப் பெரிய வரவு ஒன்று உண்டு. 1890இல் இதே கண்டி மாவட்டத்தின் கலகெதரையில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர் டி.பி.ஜாயா. பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1921இல் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். 1948 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சோனகப் பிள்ளைகளின் கல்வியைத் தூக்கி நிறுத்திய மனிதர் ஒரு மலாயர் என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும். 1947இல் முதல் அமைச்சரவையில் தொழில் அமைச்சரானதும் அவர்தான். 1960இல் மதீனாவில் மரணித்தார்.

வேறு இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் வியட்நாமின் சைகோனுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனார்கள். முஸ்லிம்களும் போனார்கள். சைகோன் நகர நடுவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அங்கே கலியாணம் முடித்தவர்களில் பலர், பிரெஞ்சுக்காரர் வெளியேறிய பிறகும் 1975இல் சைகோன் வீழ்ந்தபோதும் வியட்நாமிய மனைவி மக்களோடு பாண்டிச்சேரி திரும்பினார்கள். அரிசித்தாளில் இறைச்சி சுருட்டிப் பொரிக்கும் ரோல் அப்படித்தான் பாண்டிச்சேரி வீடுகளுக்குள் வந்தது. அந்தப் பெண்களின் மொழி பேரப்பிள்ளைகளிடம் அநேகமாக இல்லை. சாப்பாடு மட்டும் மிஞ்சியது.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சாப்பாட்டைப் பகிர்ந்தால் சமூகங்கள் சேர்ந்துவிடும் என்று மேடைகளில் சொல்வது எளிது. 2018ஐ நாங்கள் மறக்கவில்லை. பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலந்ததாகக் கதை பரப்பிக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. அடுத்த வாரம், தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து திகன முதல் அக்குறணை வரை வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. எரித்த கூட்டத்தில் நம் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டவர் ஒருவரும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? அந்த இரவுகளில் முஸ்லிம் வீடுகளுக்குக் காவல் நின்ற சிங்களவர்களும் பிக்குமார்களும் இருந்தார்கள். அவர்கள் நம் சாப்பாட்டை மட்டும் அறிந்தவர்களல்லர், நம்மை அறிந்தவர்கள்.

சாப்பாட்டை ஏற்பதும் மனிதரை ஏற்பதும் வேறு வேறு என்பதே இதில் நாம் படிக்க வேண்டியது. போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களை மன்னன் செனரத் 1626இல் கிழக்கில் குடியேற்றியதையும், கண்டி இராச்சியத்தில் தவளம் ஓட்டிய 'மடிகே' பிரிவில் நம் மூத்தவர்கள் வேலை செய்ததையும், நம் குடும்பங்களுக்கு இன்றும் 'கெதர' என்ற சிங்கள வீட்டுப்பெயர் இருப்பதையும் சிங்களப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அதே நியாயத்தில், மலாயர் கதையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 2012 சனத்தொகைக் கணக்கில் நாடு முழுவதும் அவர்கள் ஏறத்தாழ 44 ஆயிரம் பேர். பல வீடுகளில் மூத்தவர்கள் மலாய் பேச, பிள்ளைகள் சிங்களத்தில் பதில் சொல்கிறார்கள். "எல்லாரும் முஸ்லிம்தானே" என்று சொல்லி அந்த மொழியை மறந்துவிடச் சொல்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை. மொழிகளும் நிறங்களும் வேறுபடுவதை அல்லாஹ்வின் அத்தாட்சியாகத்தானே நாம் ஓதுகிறோம்.

ஒரு வேண்டுகோள். கண்டி, கம்பளை, பதுளைப் பக்கம் மலாய்க் குடும்பங்களோடு பழகியவர்கள், அவர்களோடு சம்பந்தம் செய்தவர்கள், வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு அவர்களுடைய சாப்பாடுகளின் பெயரையும், தாலாட்டுச் சொற்களையும், உறவுமுறைப் பெயர்களையும் கீழே எழுதுங்கள். சேர்த்து எடுத்து வகுப்புகளில் பயன்படுத்துவோம், இன்ஷா அல்லாஹ். மலாய் தெரிந்தவர்கள் மலாயிலேயே எழுதலாம். விளங்காவிட்டால் கேட்டுப் படித்துக்கொள்கிறோம்.