ரைட் சகோதரர்களின் மூன்றாவது ஆள்

விமானத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், ரைட் சகோதரர்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். அந்த விமானத்துக்கு இன்ஜின் செய்தது யார் என்று எந்த வாத்தியாரும் கேட்கவில்லை. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் பெயர் சார்லி டெய்லர்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். அங்கே வில்பர், ஆர்வில் இருவரும் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். தெரிந்தவரான டெய்லரை 1901-இல் வாரம் 18 டாலர் சம்பளத்துக்கு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி இருவரும் கிளைடர் பறக்கவிடக் கடற்கரைக்குப் போய்விட்டால் கடையைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

கிளைடர் நன்றாகப் பறந்ததும் அதற்கு இன்ஜின் தேவைப்பட்டது. பல கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். எடை குறைவாகவும் வலு போதுமானதாகவும் ஒரு இன்ஜின் செய்து தர யாரும் முன்வரவில்லை. நாமே செய்வோம் என்று டெய்லரிடம் வந்தார்கள். அதற்கு முன் அவருக்கு மோட்டார் இன்ஜினோடு இருந்த பழக்கம், ஒரு காரைப் பழுது பார்க்க முயன்றது மட்டும்தான்.

கடையில் உலோக வேலைக்கு இருந்தவை ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். முறையான வரைபடம் கிடையாது. ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு, அதை வேலை மேஜைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

நானும் பல வருஷம் லேத் முன்னால் நின்றவன். அவர் கிராங்க் ஷாஃப்ட் செய்த விதத்தைப் படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. ஏறக்குறைய 100 பவுண்டு எடையுள்ள எஃகுப் பலகை. அதில் உருவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளை போட்டு, மிச்சத்தை உளியும் சுத்தியலும் கொண்டு தட்டி எடுத்து, பிறகு லேத்தில் கடைந்தார். முடிந்தபோது எடை 19 பவுண்டு. கையால் இப்படி ஒன்றைச் செய்து சமன் தவறாமல் ஓட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நான்கு சிலிண்டர், அலுமினிய வார்ப்பு உடல், சுமார் 12 குதிரைத்திறன். ஆறே வாரத்தில் தயார். 1903 பிப்ரவரியில் சோதித்தபோது பேரிங் இறுகி உடல் பகுதி உடைந்துபோனது. புதிதாக வார்க்கச் சொல்லி, மறுபடியும் பொருத்தினார்கள்.

1903 டிசம்பர் 17. கிட்டி ஹாக் கடற்கரை மணலில் விமானம் 12 விநாடி பறந்து 120 அடி தூரம் போனது. அன்று நான்காவது முறை பறந்தபோது 59 விநாடி, 852 அடி. அதைக் கண்ணால் பார்க்க டெய்லருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசை. நல்ல மெக்கானிக்கை இழக்க சகோதரர்களுக்கு மனமில்லை. பின்னாளில் கலிபோர்னியாவுக்குப் போய், நிலத்தில் பணத்தைப் போட்டு இழந்தார். ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். முதல் விமானத்துக்கு இன்ஜின் செய்தவர் இவர்தான் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியாது.

ஆர்வில் அவரை மறக்கவில்லை. வருஷத்துக்கு 800 டாலர் கிடைக்கும்படி உயிலில் எழுதி வைத்தார். விலைவாசி ஏற அது போதவில்லை. 1955-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஏழைகளுக்கான இலவச வார்டில் அவர் கிடப்பது தெரியவந்தது. விமானத் துறையினர் பணம் திரட்டித் தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 1956 ஜனவரி 30 அன்று காலமானார். எட்டு வருஷத்துக்கு முன் ஆர்வில் இறந்ததும் அதே தேதியில்தான்.

டெய்லர் பிறந்த மே 24-ஐ அமெரிக்காவில் இப்போது விமானப் பராமரிப்புத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். காலம் கடந்து வந்த மரியாதை. பேரன் பேத்திகளுக்கு ரைட் சகோதரர்கள் கதையைச் சொல்லும்போது இந்த மூன்றாவது பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.