பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம்

பண்டைய எகிப்தியப் பாணியில் கல்யாணம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு மேடை அலங்காரம் சுலபம். தாமரையும் தங்க நிறமும் போதும். என்ன சடங்கு, யார் நடத்துவது என்று கேட்கும்போதுதான் சிக்கல். கல்லிலும் பாப்பிரஸிலும் அத்தனை எழுதிக் குவித்தவர்கள், திருமணச் சடங்கு என்று சொல்லும்படி எதையும் குறித்து வைக்கவில்லை. விருந்தும் சீரும் கதைகளில் வருகின்றன. மந்திரமும் புரோகிதரும் வருவதில்லை. இருவர் ஒரே வீட்டில் குடித்தனம் தொடங்கினால், ஊர் அவர்களைக் கணவன் மனைவியாக ஏற்றுக்கொண்டது.

மோதிரம் எகிப்தியர் தந்ததுதானே என்பார்கள். மோதிர விரலிலிருந்து இதயத்துக்கு ஒரு மெல்லிய நரம்பு ஓடுவதை எகிப்தியர் கண்டார்கள் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஔலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானியர் எழுதினார். அதுவும் அப்பியோன் என்ற முந்தைய எழுத்தாளர் சொன்னதை எடுத்துச் சொன்னதுதான். எகிப்தியர் கைப்பட எழுதி விட்டுப்போனது வேறொன்று: சொத்துப் பத்திரம்.

அது எழுத்தில் வருவதற்கு முன் வாய்ச்சத்தியமாக இருந்தது. அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் ஊர் தெய்ர் எல்-மதீனா. மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் அங்கே ஒரு மாமனார், மகளைக் கைவிட்டால் நூறு அடி வாங்குவேன், அவளோடு சேர்ந்து சம்பாதித்ததையும் இழப்பேன் என்று மருமகனைச் சத்தியம் செய்ய வைத்தார். எழுத்துச் சில்லு ஒன்றில் அது பதிவாகியிருக்கிறது.

பங்கு முறையும் தெளிவாக இருந்தது. மனைவி கொண்டுவந்தது மனைவிக்கே. சேர்ந்து ஈட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு கணவனுக்கு, ஒரு பங்கு அவளுக்கு. ஏறத்தாழ கி.மு. 1145இல் அதே ஊரைச் சேர்ந்த நௌநக்தே என்ற முதியவள் மன்றத்தின் முன் உயில் சொன்னாள். எட்டுப் பிள்ளைகளில், முதுமையில் தன்னைக் கவனிக்காதவர்களுக்குத் தன் பங்கைத் தர மறுத்தாள். தகப்பனின் பங்கை அவளால் தடுக்க முடியாது. தன்னுடையதைத் தடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வழக்கம் பத்திரமானது கி.மு. முதல் ஆயிரமாண்டில். அதற்கென்று ஒரு வாசகம் நிலைபெற்றது. பேசுகிறவன் கணவன். மனைவிக்குக் கொடுத்த வெள்ளி, அவள் கொண்டுவந்த துணி, செம்புப் பாத்திரம், கண்ணாடி ஆகியவற்றை விலையோடு வரிசையாகச் சொல்வான். நான் உன்னை அனுப்பினாலும் நீயாகப் போனாலும் நீ கொண்டுவந்தவற்றைத் திருப்பித் தருவேன் என்று ஒப்புக்கொள்வான். சிலர் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் எழுதினார்கள். பத்திரம் கல்யாணத்தை உண்டாக்கவில்லை. அவளுடைய கையிருப்பைக் காப்பாற்றியது.

இன்னொரு வகை ஜீவனாம்சப் பத்திரம். சிகாகோவில் உள்ள ஒன்று கி.மு. 365/364இல் டெமோட்டிக் எழுத்தில் எழுதப்பட்டது. ஆண்டுக்கு 1.2 வெள்ளிக் காசும் 36 மூட்டை தானியமும் மனைவிக்கு ஆயுள் முழுக்கத் தருவதாகக் கணவன் அதில் ஒப்புக்கொள்கிறான். இத்தகைய பத்திரங்களில் அவன் சொத்து முழுவதுமே ஈடாக நின்றது. விரட்டிவிடுவதற்கு முன் எந்தக் கணவனும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான்.

பின்னாளில் கிரேக்கர்கள் ஆள வந்தபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. கிரேக்கச் சட்டப்படி பெண் ஒப்பந்தம் செய்ய ஆண் காப்பாளர் ஒருவர் வேண்டும். எகிப்தியப் பத்திரத்துக்கு அவள் மட்டும் வந்தால் போதும்.

எகிப்தியக் கல்யாணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் பூக்காரரைப் பார்ப்பதற்கு முன் ஓர் எழுத்தரை அமர்த்தலாம். மணமகன் சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும்: யார் எதைக் கொண்டுவந்தார்கள், பிரிந்தால் யாருக்கு எது. பின்பக்கத்தில் சாட்சிகளின் பெயர்கள். எகிப்தை ஆண்ட அந்தக் கிரேக்கர்களான தாலமி மன்னர்கள் காலத்து வழக்கப்படி, பெரும்பாலும் பதினாறு பேர்.