கண்மைக் கோலும் கைச்சீப்பும்: இல்லத்துப் பரிசோதனையின் வரலாறு

வரலாறு என்றவுடன் எம் மாணவர் மனத்திலே தோன்றுவன முடியும் வாளும், கோட்டையும் கொத்தளமுமேயாகும். அரசர் முடிசூடிய ஆண்டும் மடிந்த ஆண்டும் நெட்டுருச் செய்யப்படுகின்றன. அவ்வரசரின் குடிமக்கள் காலையில் எழுந்து எதனாலே தலைவாரினர், எதனைக் கண்ணுக்குத் தீட்டினர் என்று வினவுவார் அரியர். ஆயினும் வாள் அகப்படாத அகழ்குழியிலும் சீப்பும் மைக்கோலும் அகப்படுதல் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதும் வரலாறு, மனிதர் வாழ்ந்த நாட்களிற் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்ட வரலாறேயாகும்.

இச்சிறு பொருள்களை வெறும் அலங்காரப் பொருள்களாகக் கொள்வது வழக்கு. அஃது அரைகுறை உண்மை. ஒவ்வொன்றும் நெடுங்காலம் செய்து பார்த்து, பிழைத்ததை விலக்கி, பலித்ததைக் கைக்கொண்ட பரிசோதனையின் முடிவாகும். அப்பரிசோதனைக்கு ஆய்வுகூடமாக அமைந்தது இல்லம்; பரிசோதிக்கப்பட்ட பொருளாக அமைந்தது பரிசோதித்தவரின் உடலே. இம்முறையால் விளைந்த நன்மை யாது, இதன்கண் இருந்த குறை யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீப்பு உணர்த்தும் செய்தி

தென் இசுரவேலிலுள்ள இலாக்கீசு என்னும் பண்டை நகரத்திலே, 2016ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தாலான சிறு சீப்பொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் அளவு ஏறக்குறைய 3.5 சதமமீற்றருக்கு 2.5 சதமமீற்றர். பற்கள் முறிந்துபோயினும் அவற்றின் அடிகள் எஞ்சியுள்ளன. ஒரு பக்கத்திலே பருமையான 6 பற்கள். மறுபக்கத்திலே நெருங்கிய 14 நுண்பற்கள். ஐந்தாண்டு காலம் அதன்மீது எழுத்திருப்பதை எவரும் கண்டிலர். 2021ஆம் ஆண்டிலேதான் மெல்லிய கீறல்களாக 17 எழுத்துகள் புலப்பட்டன. அவை 7 சொற்களாலான ஒரு வாக்கியமாக அமைதலை ஆய்வாளர் 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏறக்குறைய கி.மு. 1700ஆம் ஆண்டளவினதாகக் கருதப்படும் இதுவே, கானானிய நெடுங்கணக்கில் முழு வாக்கியமாக நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது.

இத்துணைத் தொன்மை வாய்ந்த வாக்கியம் கூறுவது யாது? மன்னன் புகழன்று; தெய்வத் துதியுமன்று. தலைமயிரிலும் தாடியிலுமுள்ள பேன்களை இத்தந்தம் வேரோடு ஒழிக்கட்டும் என்னும் வேண்டுதலேயாகும். நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நோக்கியபோது, பேன் குஞ்சுகளின் தோற்படலம் அச்சீப்பின் பல்லடியில் எஞ்சியிருத்தலும் காணப்பட்டது. சீப்பு தன் கடமையைச் செய்துள்ளது!

அதன் வடிவத்தை நோக்குக. சிக்கெடுப்பதற்கு அகன்ற பல். பேனும் ஈரும் வாருவதற்கு நெருங்கிய பல். எம் பாட்டிமார் வைத்திருந்த மரத்தாலான பேன்சீப்பை அறிந்தவர்க்கு இவ்விருவேறு பல்லின் பயனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இடைவெளி சற்று அகன்றாற் பேன் தப்பும். சற்றுக் குறுகினால் மயிர் அறும். இவ்விரண்டுக்கும் நடுவணதாகிய அளவை எந்தக் கணித நூலும் வகுத்துக் கொடுத்ததன்று. செதுக்கியவன் கையும் வாரியவள் தலையும் கூடிக் கண்ட அளவு அது.

கண்ணும் கோலும்

கண்மையின் வரலாறு இதனினும் நெடியது. எகிப்து நாட்டின் கி.மு. நாலாயிரமாம் ஆண்டளவிலான கல்லறைகளிலேயே, கண்ணுக்கிடும் பச்சை நிறச் செப்புக் கனியத்தை அரைத்தற்குரிய கற்பலகைகள் காணப்படுகின்றன. எகிப்திய அரசின் தோற்றத்தை உணர்த்தும் முதன்மைச் சான்றாக வரலாற்று மாணவர் கற்கும் நார்மர் மன்னனின் சிற்பப் பலகை, கி.மு. 3100 அளவினது. அதன் ஒரு முகத்தின் நடுவே வட்டமான குழியொன்று உண்டு. அது மை குழைக்கும் குழியின் வடிவம். நாடுகளை ஒன்றாக்கிய வெற்றியைப் பொறித்தற்கு அம்மன்னன் தேர்ந்தெடுத்த வடிவம் அழகுப் பலகையின் வடிவமே என்பது சிந்திக்கத்தக்கது.

பிற்காலத்தில் எகிப்தியர் ஈயக் கனியத்தாலாகிய கருமையை மிகுதியாகப் பயன்படுத்தினர். பாரிசு நகரத்து லூவர் நூதனசாலையிலுள்ள மைச்சிமிழ்களில் எஞ்சியிருந்த பொடியை ஆராய்ந்த இரசாயன அறிஞர், 1999ஆம் ஆண்டில் வியத்தகு செய்தியொன்றை வெளியிட்டனர். அப்பொடியிலிருந்த ஈயச் சேர்வைகளுட் சில இயற்கையிலே மிக அரிதாகக் கிடைப்பன. அவை மனிதராலே ஆக்கப்பட்டவை. ஈயவொட்சைட்டை நுண்ணிதாக அரைத்து, கல்லுப்புடன் நீரிற் கலந்து, தெளிந்த நீரை நாடோறும் வடித்துப் புதுநீர் வார்த்து, வாரக்கணக்கிலே இச்செயலைத் தொடர்ந்தாலன்றி அச்சேர்வைகள் உண்டாகா. வடித்தலை இடையில் நிறுத்திவிட்டால் விளைவது வேறொரு பொருள். ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே இரசாயனச் சமன்பாடு அறியாத மக்கள் இம்முறையைக் கண்டனர் எனின், எத்தனை முறை பிழைத்த பின்னர் கண்டிருத்தல் வேண்டும்! 2010ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு, மிகச் சிறிய அளவிலான இவ்வீயம் தோற்கலங்களிலே நைத்திரிக்கொட்சைட்டுச் சுரப்பை மிகுவித்து, நோய்க் கிருமிகளை எதிர்க்கும் உடலாற்றலைத் தூண்டக்கூடும் என்று கூறிற்று. நைல் நதியின் வெள்ளம் வடியுங்காலத்திற் பரவும் கண்ணோய்க்கு அம்மை ஓரளவு காப்பாய் இருந்திருக்கலாம் என்பது அவ்வாய்வாளர் கருத்து.

தமிழர் வழக்கிலும் மையிடுதற்குரிய கருவியின் பெயர் கோல் என்பதே. எட்ட இருக்கும்போது காணப்படும் கோல், தீட்டும் வேளையிற் கண்ணுக்குப் புலப்படாதொழிதலைத் திருவள்ளுவர் காமத்துப்பாலிலே உவமையாக எடுத்தாள்கின்றார். கேட்போர் யாவரும் நாடோறும் கண்ட செயலாக இருந்தாலன்றி அவ்வுவமை பொருந்தாது. எம் குடாநாட்டிற்கும் இதில் பங்குண்டு. கந்தரோடையிலே கண்டெடுக்கப்பட்ட தொல்பொருள்களைப் பற்றி போல் பீரிஸ் அவர்கள், வேத்தியல் ஆசியக் கழகத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் 1917ஆம் ஆண்டிலும் 1919ஆம் ஆண்டிலும் எழுதினார். அப்பொருள்களுட் செம்பினாலான மைக்கோல்களும் இருந்தன. எகிப்திய மைக்கோல்களை அவை ஒத்திருந்தமை அப்போதே சுட்டப்பட்டது.

இவ்வொற்றுமையைக் கொண்டு எகிப்துக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே பண்டை நாளில் நேர் வணிகம் நடந்ததென்று முடிவுகட்டுவார் உளர். அம்முடிவை மாணவர் அவசரப்பட்டு ஏற்றலாகாது. எந்த நாட்டிலும் கண்ணின் அமைப்பு ஒன்றே. கண்ணிமையைக் குத்தாத உருண்ட நுனியும் விரலிடைப் பற்றுதற்கேற்ற நீளமும் கருமை ஒட்டுதற்கேற்ற வழவழப்பும் எங்கும் வேண்டப்படுவனவே. ஒரே தேவையைப் பரிசோதித்த இரு நாட்டவர் ஒரே வடிவத்தை அடைதல் இயல்பு. வணிகத்தை நிறுவுதற்கு வேறு சான்று வேண்டும். வீட்டுக்குள் நிகழ்ந்த அறிவு முயற்சியை நிறுவுதற்கு அக்கோலே போதுமானது.

கூந்தலுக்குரிய கணக்கு

கூந்தலைப் பேணும் கலை எண்ணாலும் அளவாலும் வளர்ந்தது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே, மாதவி தன் கூந்தலை ஆட்டிய நீர் 10 வகைத் துவரும் 5 வகை விரையும் 32 வகை ஓமாலிகையும் ஊறிய நீர் என்று இளங்கோவடிகள் எண்ணிக் கூறுகின்றார். துவர் என்பது துவர்ப்புச் சுவையுடைய பொருள். கடு, நெல்லி, தான்றி ஆகிய மூன்றும் அப்பத்தினுள் அடங்குவன. ஆட்டிய கூந்தலை நறும்புகையாலே புலர்த்தினாள் என்பதும் அங்குக் காணப்படும்.

கி.பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் பிருகத்சம்கிதையிலே நறுமணக் கலவைகளுக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். 16 பொருள்களுள் எவையேனும் நான்கைத் தெரிந்தெடுத்துக் கூட்டும் வகை 1,820 என்று அவர் கணித்துள்ளமை இன்றைய சேர்மானக் கணிதத்துக்கு முற்றும் பொருந்தும். வகுப்பறையிலே இக்கணக்கைச் செய்யும் மாணவர், அதன் பழைய பயன் வாசனைப் பொடியைக் கலப்பதே என்பதை அறிந்தால் மகிழ்வர். அவ்வதிகாரத்திலேயே நரைமயிரைக் கருமையாக்கும் முறையும் உண்டு. வரகரிசியைப் புளிங்காடியில் இரும்புப் பாத்திரத்தில் அவித்து, இரும்புப் பொடி கூட்டி அரைத்துத் தலைக்கு அப்பி, இலையால் மூடி வைத்து, பின்னர் நெல்லிக்காய் விழுதைப் பூசுதல் வேண்டும். இதன் காரணம் எளிது. இரும்பும் நெல்லியின் துவர்ப்பும் கூடினாற் கருநிறச் சேர்வை பிறக்கும். இரும்புக் கத்தியாலே நெல்லிக்காயை அரிந்து கறைபட்ட கையைக் கண்ட எவளோ ஒரு பெண்ணுக்கு இவ்வெண்ணம் முதலில் உதித்திருக்கலாம். அவள் பெயர் எந்நூலிலும் இல்லை.

எழுதாத ஏட்டின் இழப்பு

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு பழையன யாவும் நல்லன என்று கொள்ளுதல் பிழை. கண்ணைக் காத்திருக்கலாம் எனப்படும் அதே ஈயம் உடலிற் சேர்ந்து மூளையையும் நரம்பையும் கெடுப்பது. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்பது உலக சுகாதார தாபனத்தின் முடிபு. ஐரோப்பாவிலே செல்வமகளிர் நூற்றாண்டுக் கணக்காக முகத்திற் பூசிய வெண்பூச்சு வெள்ளீயக் கலவையன்று, ஈயத்தாலாகிய வெண்சுண்ணமாகும். தோல் கெடக் கெட அதனை மறைக்க மேலும் பூசினர். உள்ளங்கையிற் கண்ட நன்மை உடனே தெரியும். எலும்பினுள்ளே சேரும் நஞ்சு இருபதாண்டின் பின்னரே தெரியும். குறிப்பேடு இல்லாத பரிசோதனைக்கு இவ்விரண்டையும் தொடுத்துக் காணும் ஆற்றல் இல்லை.

தொழிற்சாலைக் காலம் பிறந்த பின்னரும் இந்நிலை உடனே மாறிற்றில்லை. 1907ஆம் ஆண்டில் இயூசேன் சுவெலர் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செயற்கைத் தலைச்சாயமொன்றைத் தாம் வசித்த இடத்திலேயே கலந்து முடிதிருத்துவோருக்கு விற்றார். 1909ஆம் ஆண்டில் அவர் நிறுவிய கம்பனியின் பெயரிலே தீங்கற்ற சாயம் என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றது. பிற்காலத்து லொரெயால் நிறுவனம் அதுவே. தீங்கின்மையைப் பெயரிலேயே கூறவேண்டியிருந்தமை, அக்காலத்து மக்கள் சாயத்தை எவ்வளவு அஞ்சினர் என்பதற்குச் சான்று. அவ்வச்சம் பொய்யன்று. 1933ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவிலே இமைச்சாயம் ஒன்றினாற் பெண்கள் கண் கெட்டனர். பார்வையை இழந்தோரும் உளர். 1906ஆம் ஆண்டின் உணவு மருந்துச் சட்டம் அழகுப் பொருள்களை உட்படுத்தாமையால், அரசாங்கத்தால் அச்சாயத்தைத் தடுக்க இயலவில்லை. 1938ஆம் ஆண்டின் புதிய சட்டமே அவ்வதிகாரத்தை வழங்கிற்று.

இன்று தலைச்சாயப் பெட்டியினுள்ளே ஒரு சிறு தாள் இருத்தலைக் காணலாம். பூசுதற்கு 48 மணித்தியாலம் முன்னரே சிறிதளவை முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ இட்டுப் பார்க்குமாறு அது பணிக்கும். பலரும் அதனை வாசியாது எறிகின்றனர். பெயரறியாப் பெண்கள் பலரின் கண்ணும் தோலும் விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவே அத்தாளில் உள்ளது என்பதை வரலாறு கற்றவன் உணர்வான்.

எம் கடன்

எம் இல்லங்களிலும் இவ்வறிவு இருந்தது. சவ்வரிசியைக் கருகவறுத்துக் காய்ச்சிச் சிரட்டையிலே உறைய வைத்த கறுத்தப் பொட்டும், விளக்குப் புகையிலே திரட்டிய மையும், அரப்பும் தேசிக்காயும் வெந்தயமும் கூட்டித் தோய்ந்த முழுக்கும் எம்மவர் கண்ட முடிபுகளே. எவ்வளவு, எத்துணை நேரம், எவருக்கு ஒவ்வாது என்பன ஒரு தலைமுறையின் கையிலிருந்து மறு தலைமுறையின் கைக்குச் சென்றன, ஏட்டிற்குச் சென்றில. 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்விலே வீட்டைவிட்டு நடந்தவர் உறுதியையும் நகையையும் எடுத்தனர்; பொட்டுச் சிரட்டையையும் பேன்சீப்பையும் எடுத்தவர் எத்தனை பேர்? பொருளோடு அதனை ஆக்கும் முறையும் பல வீடுகளில் அற்றுப்போயிற்று.

ஆகவே மாணவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள முதியோரிடம் சென்று, இவற்றை எங்ஙனம் ஆக்கினீர்கள் என்று கேட்டு, அளவோடும் காலத்தோடும் எழுதி வைத்தல் வேண்டும். பலித்ததை மட்டுமன்றிப் பிழைத்ததையும் எழுதுதல் வேண்டும். எந்தக் குழந்தையின் கண் சிவந்தது, எவர் தலை எரிந்தது என்பனவும் வேண்டும். புகழ்ச்சிக்காக எழுதுவது வரலாறாகாது. குழந்தையின் கண்ணுக்கு மையிடல் ஆகாது என இன்றைய வைத்தியர் கூறின், அதனையும் அக்குறிப்பின் பக்கத்திலேயே எழுதுக.

இலாக்கீசு நகரத்துச் சீப்பிலே ஒருவர் ஏழு சொற்களைக் கீறி வைத்தமையாற் 3,700 ஆண்டின் பின்னர் அவர் விருப்பத்தை நாம் அறிகின்றோம். கந்தரோடைக் கோலைப் பிடித்த கை எழுதாமற் போயிற்று. அக்குறையை நிறைவாக்குதற்கு எம்மிடம் இன்னும் சில பாட்டிமார் உளர். காலம் மட்டும் மிகக் குறைவு.