பிரேக் மிதி ஆழமாக இறங்குகிறதா? மாஸ்டர் பம்பை மாற்றுமுன் பின் டிரம்மைப் பாருங்கள்

செம்பனைத் தோட்டங்களிலும், பழைய இரும்பு வியாபாரத்திலும், கேமரன் மலைக் காய்கறிப் பண்ணைகளிலும் 1980, 90களில் வந்த ஹைலக்ஸ் பிக்கப் வண்டிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இஞ்சின் எளிதில் சோர்ந்துபோவதில்லை. ஆனால் பிரேக் மிதி பாதி தூரம் வெறுமனே இறங்கிய பிறகுதான் வண்டி பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் மேட்டில் நிற்பதில்லை. இந்த இரண்டு குறைகளும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் பின்சக்கர டிரம். இருந்தும் பலர் மாஸ்டர் பம்பை மாற்றிப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். சிலர் ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் இறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தாப்பாவை நோக்கி மலையிறங்கும் சுமை வண்டிக்கு இந்த இரண்டுமே ஆபத்தான சிக்கனம்.

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சட்டி. அதற்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் இருக்கும். மிதியை அழுத்தும்போது வீல் பம்ப் அவற்றை வெளியே தள்ளி டிரம்மில் உரசச் செய்கிறது. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடப்பதற்கே மிதியின் பாதி தூரம் போய்விடுகிறது. முன்சக்கர டிஸ்க் பிரேக் தன் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கோளாறு எங்கே என்பதை வண்டியைப் பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மிதியை ஒருமுறை அழுத்தி விட்டு, உடனே மீண்டும் அழுத்திப் பாருங்கள். இரண்டாவது முறை மிதி மேலேயே நின்றால் ஷூ இடைவெளி அதிகம் என்று பொருள். மேலே நின்றாலும் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும்போது மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எண்ணெய் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் பம்பின் உள்ரப்பர் கெட்டுவிட்டது. மாஸ்டர் பம்பைக் குற்றம் சொல்ல வேண்டியது இந்த நிலையில்தான். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. ஹேண்ட்பிரேக்கைச் சில பற்கள் இழுத்து வைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். மிதி சட்டென்று உயர்ந்தால் பின் டிரம்மைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இடைவெளி கூடாமல் இருக்க டிரம்முக்குள் பல்சக்கரம் கொண்ட ஒரு சிறு கம்பி உண்டு. பட்டறைகளில் இதை ஸ்டார் வீல் என்பார்கள். இது தானாகவே திரும்பி நீண்டு, தேய்மானத்தை ஈடுகட்ட வேண்டும். சில அமெரிக்க வண்டிகளில் பின்னோக்கிப் போய் பிரேக் போடும்போது இது திரும்பும். பழைய நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸில் அப்படியல்ல. ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போதுதான் திரும்பும். ஹேண்ட்பிரேக்கையே தொடாமல் கியரில் போட்டு நிறுத்தும் பழக்கம் உள்ளவரின் வண்டியில் அது திரும்ப வாய்ப்பே கிடைப்பதில்லை.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு பாகம் வருகிறது. டிரம்மின் பின்தட்டுக்கு வெளியே, கேபிள் வந்து சேரும் இடத்தில், பெல் கிராங்க் என்ற வளைந்த நெம்பு இருக்கிறது. மழை, சேறு, வெள்ளநீர் எல்லாம் படும் இடம் அது. அதன் தூசி ரப்பர் கிழிந்ததும் உள்ளிருக்கும் ஊசி துருப்பிடித்து இறுகிப்போகும். பிறகு ஹேண்ட்பிரேக்கை எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார் வீல் அசையாது. கேபிளை இறுக்குவதும் பயன்படாது. அந்த நெம்பு பாதி இழுத்த நிலையில் சிக்கிக்கொண்டால் ஷூ டிரம்மை விட்டு முழுமையாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். எனவே சரிசெய்யும் வேலையைப் பெல் கிராங்கிலிருந்து தொடங்குவதே முறை. கழற்றி, துருவைத் தேய்த்து, கிரீஸ் பூசி, புது ரப்பர் போட்டால் அது மீண்டும் இயங்கும். மிகவும் அரித்துப்போயிருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

வேலையைத் தொடங்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பின்சக்கரம் சுழல வேண்டும் என்பதால் கியரும் இருக்காது, ஹேண்ட்பிரேக்கும் இருக்காது. வண்டியைப் பிடித்து வைத்திருப்பவை முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டைகள் மட்டுமே. சமதரையில் நிறுத்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் வைக்க வேண்டும்.

ஹேண்ட்பிரேக் கேபிளை முதலில் தளர்த்திவிடுங்கள். டிரம் வர மறுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம். அதன் முகத்தில் இரண்டு திருகுத் துளைகள் இருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே பாதுகாப்பு.

லைனிங் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் ஷூவை மாற்ற வேண்டும். டிரம்மின் உச்ச விட்டம் எவ்வளவு என்பது டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்ததைக் கடைந்து மீண்டும் போடக் கூடாது. ஷூ ஈரமாக இருந்தால் அது எந்த எண்ணெய் என்று பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய் என்றால் வீல் பம்ப் கசிகிறது. அடர்த்தியாக, கந்தக வாடையுடன் இருந்தால் அது அச்சிலிருந்து வரும் கியர் எண்ணெய், சீல் போய்விட்டது. புது சீல் போடுமுன் அச்சின் மேலுள்ள காற்றுப்போக்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளழுத்தம் புது சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளிவிடும். எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவியோ சுட்டோ காப்பாற்ற முடியாது. ஒரு பக்கம் கெட்டாலும் இரு பக்கமும் மாற்ற வேண்டும்.

டிரம்மை மாட்டியபின், பின்தட்டில் ரப்பர் மூடியுள்ள துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டார் வீலைத் திருப்ப வேண்டும். சக்கரம் இறுகியதும் சில பற்கள் பின்வாங்கினால், சுழலும்போது மெல்லிய உரசல் ஒலி மட்டும் கேட்கும். அதுவே சரியான அளவு. பின்வாங்கும்போது அதைத் தடுக்கும் சிறு நாக்கை இன்னொரு மெல்லிய கம்பியால் விலக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் மழுங்கும். இடது, வலது ஸ்டார் வீல்களின் மரை எதிரெதிரானவை, கழற்றினால் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் முடிந்த பிறகுதான் கேபிளை இறுக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் சுமையோடு போகும்போது பின்பிரேக் பிடிக்கவில்லை என்றால் வண்டியின் அடியில் பார்க்க வேண்டும். பின் அச்சிலிருந்து சட்டத்துக்குப் போகும் ஒரு கம்பி, சுமைக்கு ஏற்ப பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வை இயக்குகிறது. வண்டி தாழ்ந்தால் சுமை இருப்பதாக எண்ணி அழுத்தத்தைக் கூட்டும். அதிகச் சுமை ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டைகள் சேர்த்து லீஃப் ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டால், ஒரு டன் ஏற்றினாலும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு நினைக்கும். அதிகச் சுமைக்காகச் செய்த வேலையே, சுமை ஏற்றிய நேரத்தில் பின்பிரேக்கைப் பறித்துவிடுகிறது. அந்தக் கம்பியை உயரத்துக்கு ஏற்ப மாற்றி அமைக்க வேண்டும்.

பிரேக் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 140 டிகிரியாகக் குறைகிறது. நம் நாட்டு ஈரக்காற்றில் பல ஆண்டுகள் மாற்றப்படாத எண்ணெய் நீண்ட மலையிறக்கத்தில் கொதித்து ஆவியாகலாம். அப்போது மிதி வெறுமையாக இறங்கும். டிரம்மும் சூடேறும்போது விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் இடைவெளி மேலும் கூடும். நன்றாகச் சரிசெய்த டிரம்மும் இதிலிருந்து தப்பாது. மலையில் தாழ்ந்த கியரில் இறங்குவதற்கு மாற்று இல்லை.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன், மிதி உறுதியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். பிறகு ஆளில்லாத சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு பின்சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கம் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். ஆறியபின் ஸ்டார் வீலை இரண்டு மூன்று பற்கள் தளர்த்தி மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.