சாய்வெளிச்சத்தில் ஒரு ஏரிக்கல்

மூன்று வருடம் முன்பு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது இது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஏரி மதகுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கல், கீழ்ப்பாதி மண்ணில் புதைந்து, சாய்ந்து கிடக்கும். சின்ன வயசில் அதன் மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டிருக்கிறேன். "அதுல ஏதோ எழுத்து இருக்குன்னு சொல்வாங்க தம்பி, எல்லாம் தேஞ்சு போச்சு" என்றார் பெரியப்பா. உச்சி வெயிலில் போய்ப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

அன்றைக்கு இருட்டிய பிறகு அதே வழியாக வந்தேன். பாம்புக்குப் பயந்து செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த வெளிச்சம் கல்லின் மேல் பக்கவாட்டில் பட்டதும் வரிவரியாக எழுத்து எழுந்து வந்தது. முதல் வரியில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்பதை மட்டும் என்னால் படிக்க முடிந்தது. மூன்று படம் எடுத்தேன்.

இதில் மாயம் எதுவும் இல்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். அரை மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளத்தின் மேல் 45 டிகிரி சாய்வில் வெளிச்சம் விழுந்தால் நிழலும் அரை மில்லிமீட்டர்தான். கண்ணுக்குப் பிடிபடாது. 15 டிகிரிக்கு இறக்கினால் நிழல் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும். தேய்ந்த எழுத்து தெரிய அது போதும். நேராக அடிக்கும் ஃப்ளாஷ் அந்த நிழலையும் அழித்துவிடும். கல்வெட்டை ஃப்ளாஷ் போட்டு எடுத்துவிட்டு 'ஒண்ணும் தெரியல' என்று நாம் சொல்வது இதனால்தான்.

கல்லில் இருப்பதைப் படி எடுக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல முறை உண்டு, மைப்படி. கல்லைச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன் மேல் விரித்து, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் நிற்கும். 1886-இல் மதராஸ் அரசு ஹூல்ட்ஷ் என்பவரைக் கல்வெட்டாய்வாளராக நியமித்தது. 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி வெளிவந்தது.

அதற்கும் முன்னால், 1858-இல், லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவக் கேப்டன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கேமராவோடு வந்தார். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியிருக்கும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக ஆக்கினார். இன்றைக்கு நாம் போனைச் சுழற்றி எடுக்கும் பனோரமாவின் பாட்டனார்! ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யனுக்கு இது ஆடம்பரச் செலவாகப் பட்டது. சீக்கிரமே அந்த வேலையை மூடிவிட்டார்.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். அதற்கான கல் பக்கத்திலிருந்த கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலை இடித்து எடுக்கப்பட்டது. ஊர் மக்கள் தடுக்கப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை. 1855-இல் வெளியான ஒரு குறிப்பு இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது.

இடித்தது 1836. புகைப்படம் என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839, பாரிஸில். நடுவில் வெறும் மூன்று வருடம். அந்த மதிலைப் படம் எடுத்து வைக்க அன்றைக்கு யாருக்கும் வழியே இல்லை.

காட்டனைத் திட்டுவது எனக்குச் சுலபம் இல்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகும் தண்ணீர்தான் அங்கிருந்து குழாயில் சென்னைக்கு வருகிறது. வேலைக்காகச் சென்னையில் இருக்கும் நானும் அதைத்தான் குடிக்கிறேன். தண்ணி வேணும், கல்லும் வேணும். இரண்டில் ஒன்றுதான் என்று ஆகிவிடும்போது, குறைந்தபட்சம் ஒரு படியாவது வேண்டும். எங்கள் துறையில் பேக்கப் இல்லாமல் யாரும் சர்வரைக் கழற்ற மாட்டார்கள்.

இன்றைக்கு அந்தப் படியை எடுக்க யாரும் கேப்டனாக இருக்க வேண்டியதில்லை. 2001-இல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் கூட்டாளிகளும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். கேமராவை அசையாமல் வைத்துவிட்டு, விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும். பக்கத்தில் பளபளப்பான ஒரு கறுப்புக் குண்டை வைத்தால், அதில் தெரியும் ஒளிப்புள்ளியை வைத்தே விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்று மென்பொருள் கணக்குப் போட்டுவிடும். பிறகு திரையில் வெளிச்சத்தை நாம் விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம். கிரேக்கத்தின் ஆன்டிகைதீரா கருவியில் இருந்த எழுத்துகளை 2005-இல் இப்படித்தான் பதிவு செய்தார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. இருட்டிய பிறகு போங்கள். போனை ஏதாவது ஒன்றின் மேல் அசையாமல் வையுங்கள். இன்னொரு போனின் டார்ச்சை இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கமிருந்தும் சாய்த்துப் பிடித்து எடுங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேலையும் படத்துக்குள் வையுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ எண்ணெயோ தடவாதீர்கள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, அடுத்த பொங்கலுக்கு ட்ரைபாடோடு ஊருக்குப் போனேன். மதகைப் புதுப்பித்திருந்தார்கள். வேலை நன்றாகவே செய்திருந்தார்கள், ஏரியில் தண்ணீர் நின்றது. கல்லைக் காணவில்லை. "அடியில போட்டு கான்கிரீட் ஊத்திட்டாங்கப்பா" என்றார் பெரியப்பா.

என்னிடம் இருப்பது அந்த மூன்று படங்கள். அதிலும் மண்ணுக்கு மேலே தெரிந்த பாதிதான். ஒரு மண்வெட்டி எடுத்துவந்து கீழ்ப்பாதியையும் பார்த்திருக்க அரை மணி நேரம் போதும். மறுநாள் காலை சென்னைக்கு பஸ் இருந்ததால் நான் அதைச் செய்யவில்லை.